மெல்லிசைக் கச்சேரிக்கு ஸ்பேர் சாமான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கல்லூரி ஆண்டுவிழா என்று மேடையேறும் சின்ன மெல்லிசைக் குழுக்களுக்காக எழுதியது இது. ஏழெட்டுப் பேர், ஒரு வேன், சொந்தமாகக் கொஞ்சம் சாமான், மீதியெல்லாம் மைக்செட்காரர் பொறுப்பு என்ற கணக்கில் படிக்கவும். பெரிய அரங்குகளில் வாசிக்கும் குழுக்களுக்கு இதற்கென்றே தனி ஆள் படை இருக்கும். அவர்கள் கதை வேறு.

எல்லாவற்றுக்கும் இரண்டு செட் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

வேண்டாம். வேனில் இடம் இருக்காது. இடம் இருந்தாலும் ஏற்றி இறக்க ஆள் இருக்காது.

மேடையில் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இப்போது இது செத்தால் என்ன ஆகும்? சிலது செத்தால் கச்சேரியே நிற்கும். கீபோர்டு, மிக்ஸர், கரண்ட் எல்லாம் அந்த ரகம். சிலது செத்தால் ஒரு பாட்டு மட்டும் கெடும், புல்லாங்குழல்காரரின் மைக் மாதிரி. இன்னும் சிலது செத்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. கிட்டார்காரர் காலடியில் வரிசையாக அடுக்கியிருக்கும் எஃபெக்ட் பெடல்களில் பாதி இந்த மூன்றாம் ரகம்தான் (அவரிடம் சொல்ல வேண்டாம்). முதல் ரகத்துக்கு மட்டும் மாற்று கட்டாயம். அந்த மாற்று அதே மாடலாகவோ அதே தரத்திலோ இருக்க வேண்டியதில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் வேலைக்கு வந்தால் போதும்.

எதுதான் அதிகமாக மக்கர் பண்ணும்?

வயர். அப்புறம் வயர். அதற்கப்புறம் அடாப்டர், பேட்டரி. லட்ச ரூபாய் கீபோர்டு பத்து வருடம் உழைக்கும். அதிலிருந்து மிக்ஸருக்குப் போகும் சின்ன வயர்தான் இரண்டாவது பாட்டில் 'கர கர' என்று ஆரம்பிக்கும்.

கடையில் பி-38 என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் கால் இஞ்ச் ஜாக்கின் மூடியை ஒருமுறை திருகிக் கழற்றிப் பாருங்கள். நடுக் கம்பி ஒரு சின்னத் தகட்டில் ஈயப் பற்று வைத்து ஒட்டியிருக்கும். சுற்றியிருக்கும் பின்னல் கம்பி முறுக்கப்பட்டு இன்னொரு தகட்டில் ஒட்டியிருக்கும். வயரின் ரப்பர் உறையை இரண்டு தகர நாக்குகள் கவ்விப் பிடித்திருக்க வேண்டும். பழைய வயர்களில் அந்த நாக்குகள் தளர்ந்திருக்கும். பிறகு வயரை இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் நேராக ஈயப் பற்றின் மேல் விழும். பின்னல் கம்பி ஓரிரு இழைகளாக அறுந்து, கடைசி இழை விட்டதும் 'ஹம்' கிளம்பும். நடுக் கம்பி விட்டால் மொத்தமும் ஊமை. வீட்டில் உட்கார்ந்து ஈயம் வைத்தால் ஐந்து நிமிட வேலை. மேடையில் அதைச் செய்ய முடியாது. அங்கே வேறு வயர்தான் தீர்வு.

வயரை முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே சுற்றிச் சுற்றிக் கட்டும் பழக்கத்தை விடுங்கள். உள்ளே முறுக்கு ஏறி, ஆயுள் பாதியாகும். ஒரு சுற்று உள்பக்கம், ஒரு சுற்று வெளிப்பக்கம் என்று மாற்றி மாற்றிச் சுற்றினால் முறுக்கு ஏறாது, விரித்தால் சிக்காமல் ஓடும்.

கெட்ட வயரைக் கண்டுபிடித்த அந்த நொடியே இரண்டு முனையிலும் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று பையில் போட்டால் அடுத்த கச்சேரியில் அதே வயர் உங்கள் கைக்குத்தான் வரும்.

எந்தெந்த வயர், எத்தனை?

மேடையில் பயன்படும் ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது ஒன்று. பி-38 மட்டும் இரண்டு. கேனன் (மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் மைக் வயர்) ஒன்று, நீளமாக. போன், லேப்டாப்பிலிருந்து மிக்ஸருக்குப் போகும் ஈபி பின் (சின்ன ஹெட்போன் பின்) வயர் ஒன்று. அதோடு ஒரு முனை பி-38, மறுமுனை கேனன் என்று சில இணைப்பான்கள். இவை உள்ளங்கையில் அடங்கும், பல சமயம் மானத்தைக் காப்பாற்றும். நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். குட்டை வயர் எட்டாது, நீள வயர் எங்கும் எட்டும்.

ஒரே அடாப்டரை எல்லாவற்றுக்கும் மாற்றி மாற்றிப் போடலாமா?

முனை பொருந்துகிறது என்பதற்காகச் சொருகாதீர்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். மில்லி ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: பிளஸ் எங்கே, மைனஸ் எங்கே என்பது. கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், நடுவில் மைனஸ். பல கீபோர்டுகள் 12 வோல்ட், நடுவில் பிளஸ். சாமானின் அடியில் ஒரு சின்ன வட்டமும் அதன் இருபுறமும் பிளஸ், மைனஸ் குறிகளும் அச்சிட்டிருக்கும். அடாப்டரிலும் அதே படம் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் சொருகலாம்.

ஒவ்வொரு அடாப்டர் மேலும் வெள்ளை டேப் ஒட்டி, எந்தச் சாமானுக்கு என்று பேனாவால் எழுதிவிடுங்கள். மேடை இருட்டில் அச்சு எழுத்தைப் படிக்க முடியாது. இன்னொன்று: அடாப்டர்கள் பழுதாவதைவிட மறந்து விடப்படுவதுதான் அதிகம். ராத்திரி சாமான் கட்டும்போது ஜங்ஷன் பாக்ஸிலேயே தங்கிவிடும். கீபோர்டு அடாப்டருக்கு மட்டும் ஒரு மாற்று எப்போதும் ஸ்பேர் பையிலேயே இருக்கட்டும்.

கீபோர்டு போய்விட்டால்?

இதுதான் மெல்லிசைக் குழுவின் பெரிய பயம். முன்னிசை, வயலின் கூட்டம், வீணை, ஷெனாய் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தானே இருக்கிறது. இரண்டு கீபோர்டுக்காரர்கள் உள்ள குழு என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. ஒருவர் கருவி நின்றால் மற்றவர் எந்தெந்தப் பகுதியை எடுத்துக்கொள்வார் என்று ஒத்திகையிலேயே பேசி வைத்தால் போதும்.

ஒருவர்தான் என்றால், பழைய சின்ன கீபோர்டு ஒன்றை வேனில் போட்டுக்கொள்ளுங்கள். பியானோ, ஸ்டிரிங்ஸ், புல்லாங்குழல், ஏதோ ஒரு பிராஸ் சத்தம் இருந்தால் எந்தப் பாட்டையும் கரை சேர்க்கலாம். அசல் சத்தம் வராது, உண்மைதான். ஆனால் அந்த முன்னிசையை வைத்துத்தான் கூட்டம் பாட்டை அடையாளம் கண்டு கைதட்டுகிறது. சுரம் சரியாக விழுந்தால் சத்தத்தை மன்னித்துவிடுவார்கள். லேப்டாப்பில் சவுண்டு ஏற்றி வைத்து, யுஎஸ்பி வழியாகக் கட்டை மட்டும் இணைத்து வாசிப்பது இன்னொரு வழி. அதில் கட்டையை அழுத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே தாமதம் இல்லாதபடி முன்பே சரிசெய்து வைத்திருக்க வேண்டும். மேடையில் அந்த வேலையைத் தொடங்கினால் அன்றைக்கு முடியாது.

நீங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து அமைத்த சத்தங்களையும் ஸ்டைல்களையும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள், இரண்டு பென்டிரைவில். வாடகைக்கு அதே மாடல் கிடைத்தால் பத்து நிமிடத்தில் அது உங்கள் கீபோர்டாகிவிடும்.

சஸ்டெய்ன் பெடலும் கழன்று தொலைந்துபோகும் சாமான்தான். மாற்றுப் பெடல் சில சமயம் தலைகீழாக வேலை செய்யும், மிதித்தால் சத்தம் நிற்கும், காலை எடுத்தால் நீளும். கீபோர்டை அணைத்து, பெடலைச் சொருகி, அதை மிதிக்காமல் மறுபடி ஆன் செய்தால் பெரும்பாலான கீபோர்டுகள் தாமாகவே சரிசெய்துகொள்ளும்.

நடுவில் கரண்ட் போய் வந்தால் கீபோர்டில் எதைப் பார்க்க வேண்டும்?

டிரான்ஸ்போஸ், அதாவது சுருதியை ஏற்றி இறக்கும் வசதி. பாடகருக்காக ஒன்றரைக் கட்டை இறக்கி வைத்திருப்பீர்கள். பெரும்பாலான கீபோர்டுகளில் அணைத்துப் போட்டதும் அது பூஜ்யத்துக்குப் போய்விடும். நீங்கள் பழைய இடத்திலேயே வாசிப்பீர்கள், சுருதி வேறெங்கோ கேட்கும், பாடகர் உங்களை முறைப்பார். இந்தப் பாட்டுக்கு இவ்வளவு என்று பாட்டுப் பட்டியலில் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

கரண்ட்டுக்கு என்ன மாற்று? ஜெனரேட்டர்தான் இருக்கிறதே?

ஜெனரேட்டர் இருக்கிறது, சரி. ஈபி (மின்வாரிய) லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் அந்தச் சில நொடிகளுக்கு யார் பொறுப்பு? அதற்குள் கீபோர்டு, டிஜிட்டல் மிக்ஸர், வயர்லெஸ் ரிசீவர் எல்லாம் அணைந்துவிடும். விளக்கு உடனே வந்துவிடும். ஆனால் பெரிய வொர்க்ஸ்டேஷன் கீபோர்டுகள் விழித்தெழ நிமிடக்கணக்கில் எடுக்கும், டிஜிட்டல் மிக்ஸரும் நிதானமாகத்தான் எழும். கூட்டத்துக்கு இது புரியாது. கரண்ட் வந்துவிட்டதே, ஏன் இன்னும் சும்மா நிற்கிறார்கள் என்றுதான் நினைக்கும்.

கம்ப்யூட்டருக்கு வைக்கும் சாதாரண யுபிஎஸ் இதற்குப் போதும். அதில் கீபோர்டு, மிக்ஸர், லேப்டாப், ரிசீவர் இவற்றை மட்டும் சொருகுங்கள். ஆம்ப்ளிஃபையரையோ விளக்கையோ மாட்டினால் அங்கேயே மூச்சு விட்டுவிடும். விலை குறைந்த யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது தரும் மின்சாரம் சீரான அலையாக இருக்காது, பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்கள் அதில் உறுமும். ஆகவே வீட்டிலேயே பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துப் பாருங்கள். அப்படியே அதன் 'பீப்' சத்தத்தை நிறுத்தும் வழியையும் கண்டுபிடித்து வையுங்கள். மெலடி பாட்டின் நடுவில் அது ஒன்றுதான் சுருதி சேராத வாத்தியமாக இருக்கும்.

யுபிஎஸ் இல்லாத குழுக்கள் வேறு வழி வைத்திருக்கின்றன. கரண்ட் வந்ததும் பாடகர் ஒரு விருத்தத்தை எடுத்துவிடுவார். தபலா, ஆக்டபேட் (குச்சியால் தட்டும் மின்னணுத் தாளக் கருவி) எதுவும் வேண்டாம், குரல் ஒன்றே போதும். அதற்குள் கீபோர்டு எழுந்துவிடும். அம்மன் கோயில் மேடையில் இது திட்டமிட்டுச் செய்தது போலவே இருக்கும்.

வோல்டேஜ் ஏறி இறங்கினால்?

பையில் ஒரு சின்ன மல்டிமீட்டர் வைத்திருங்கள். எதையும் சொருகுவதற்கு முன் ஜங்ஷன் பாக்ஸில் அளந்து பாருங்கள். 230-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் வயர் தளர்ந்தால், சில பாயிண்டுகளில் 400 வோல்ட்டை நெருங்கிவிடும். அப்போது ஸ்பேர் உட்பட எல்லாமே புகைந்துவிடும். மேடை அலங்கார விளக்குகள் திடீரென்று பளிச்சென்று எரிவதும் மங்குவதுமாக இருந்தால் அது அழகுக்கு அல்ல, உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஹம் சத்தம் நிற்கட்டும் என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடுபவர்களை இன்றும் பார்க்கலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக்: இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் இருந்தால் பாடுபவர் உடம்பு வழியாகத்தான் அது பாயும். ஹம்முக்கு டிஐ பாக்ஸில் (வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைத் தட்டுங்கள். அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், பாதுகாப்பு எர்த்தைத் தொடாது. சவுண்டு செக்கின்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலைத் தலையிலும் வைத்துப் பாருங்கள். பத்திருபது வோல்ட் காட்டினாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்ட பிறகுதான் கச்சேரி.

கிட்டாருக்கு ஸ்பேர் கம்பி போதுமா, இன்னொரு கிட்டார் வேண்டுமா?

இடம் இருந்தால் இன்னொரு கிட்டார். கம்பி மாற்றுவது கஷ்டம் என்பதால் அல்ல. புதுக் கம்பி போட்ட பிறகு நன்றாக இழுபட்டு நிலைக்கும் வரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், பாட்டுக்குப் பாட்டு முறுக்க வேண்டும். அதனால்தான். 1985-இல் அமெரிக்காவின் ஃபார்ம் எய்ட் கச்சேரி மேடையில் ப்ளூஸ் கிட்டார் மேதை பி.பி. கிங் பாடிக்கொண்டே, பாட்டை நிறுத்தாமல், அறுந்த கம்பியை மாற்றிக் காட்டினார். அவர் பி.பி. கிங். பின்னால் முழு பேண்டும் தாங்கிக்கொண்டிருந்தது.

மாற்றுக் கிட்டாரைப் பையிலேயே வைத்திருந்தால் பயனில்லை. சுருதி சேர்த்து ஸ்டாண்டில் நிற்க வேண்டும். ஏசி மண்டபத்திலிருந்து திறந்த மேடைக்கு வந்த கிட்டாரின் சுருதி கால் மணி நேரத்தில் நகரும், இடைவேளையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வைப்ரடோ கை உள்ள ஃபிளாய்ட் ரோஸ் வகைக் கிட்டார் என்றால் மாற்று கட்டாயம். அதில் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சேர்ந்து சுருதி விலகும்.

முழு செட் கம்பியோடு, மெல்லிய முதல் கம்பி மட்டும் தனியாக இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். அதிகம் அறுவது அதுதான். பிரிட்ஜில் கம்பி உட்காரும் இடத்திலேயே திரும்பத் திரும்ப அறுந்தால் குறை கம்பியில் இல்லை. அந்த உலோகத்தில் கூரான பிசிறு இருக்கும், நைஸ் உப்புத்தாளால் தேய்த்தால் போதும்.

பேஸ் கிட்டார் கம்பி அறுவது அபூர்வம். அங்கே எமன் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி. ஆக்டிவ் பேஸ், பிக்கப் வைத்த அகூஸ்டிக் கிட்டார் இரண்டிலும் பெரும்பாலும் ஜாக்கைச் சொருகினாலே பேட்டரி ஓடத் தொடங்கிவிடும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். மத்தியானம் சவுண்டு செக் முடிந்ததும் ஜாக்கைப் பிடுங்கி வைத்தால் ராத்திரிக்கு உயிர் இருக்கும்.

ரிதம் பகுதிக்கு?

ரோலண்ட் எஸ்பிடி-20 ஆக்டபேட் கடைக்கு வந்து கால் நூற்றாண்டு கடந்தும் நம்மூர் மேடைகளில் இன்னும் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு உறுதி. ஆனால் வயதான பேடில் நாலைந்து ரப்பர்கள் மந்தமாகிவிடும், லேசாக அடித்தால் கேட்காது. அப்படி ஒரு ரப்பர் செத்தால் அந்தச் சத்தத்தை வேறு ரப்பருக்கு மாற்றும் வழியைக் கை பழகியிருக்க வேண்டும். எஸ்பிடி-30 போன்ற பின்னால் வந்தவற்றில் உங்கள் கிட்களைப் பென்டிரைவில் எடுத்து வைக்கலாம், எடுத்து வையுங்கள்.

பேடே போனால் அதற்குச் சிறந்த ஸ்பேர் டோலக்கும் தபலாவும்தான். கரண்ட் வேண்டாம், அடாப்டர் வேண்டாம். ஆனால் தோலுக்கு வேறு தொல்லை. ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் திறந்த மேடையில் தோல் ஈரம் வாங்கித் தொய்ந்துவிடும், சுத்தியலால் கட்டையைத் தட்டித் தட்டி ஏற்ற வேண்டியிருக்கும். துணி உறையும் தலைக்கு ஒரு மூடியும் இருக்கட்டும், வாசிக்காத நேரத்தில் மூடியே வையுங்கள். வலந்தலையின் தோல் கிழிந்தால் மேடையில் எதுவும் செய்ய முடியாது. அதனால் இரண்டு சுருதிக்கு இரண்டு தபலா கொண்டுவருபவர்கள் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிறார்கள்.

டிரம்ஸ் என்றால் கிக் பெடல்தான் முதல் கவலை. அதன் ஸ்பிரிங்கோ செயினோ விட்டால் அந்த இரவுக்குக் கிக் இல்லை. ஸ்நேர் தோல் ஒன்று, ஹை-ஹாட்டைப் பிடிக்கும் கிளட்ச் ஒன்று, டிரம் சாவி இரண்டு. குச்சிகளைச் சொல்லத் தேவையில்லை.

வயர்லெஸ் மைக் வந்த பிறகு வயர் மைக் எதற்கு?

வயர்லெஸ் மைக்குக்கு ஸ்பேர் இன்னொரு வயர்லெஸ் மைக் இல்லை, வயர் மைக். பக்கத்து மண்டபத்தில் அதே அலைவரிசையில் இன்னொரு செட் ஓடினால் உங்கள் இரண்டு வயர்லெஸ்ஸும் சேர்ந்தே திக்கும். ஷூர் எஸ்எம்58 மாதிரி ஒரு வயர் மைக்கை மிக்ஸரில் தனிச் சேனலில் மாட்டி, அளவு சரிபார்த்து, மேடை ஓரத்தில் ஸ்டாண்டில் நிறுத்திவிடுங்கள். 1966-இல் வந்த மாடல் அது, கீழே விழுந்தாலும் பாடும்.

பேட்டரி தீர்ந்த பிறகு மாற்றக் கூடாது. இடைவேளையில் தீர்ந்திருந்தாலும் தீராவிட்டாலும் மாற்றிவிடுங்கள். பாதி தீர்ந்தவற்றை வீட்டுக் கடிகாரத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். சார்ஜ் செய்யும் பேட்டரிகள் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட் என்பதால், முழுச் சார்ஜிலும் சில மைக்குகள் பாதிதான் இருப்பதாகக் காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதே மாதிரி அதை நம்பவும் வேண்டாம்.

மைனஸ் டிராக் (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை) போனில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

இன்னொரு போனில் அதே கோப்புகளை, அதே வரிசை எண்ணோடு ஏற்றி, வயரும் சொருகித் தயாராக வையுங்கள். கோப்புகள் போனுக்குள்ளேயே இருக்க வேண்டும். இணையத்தில் இருக்கிறது, திறந்துகொள்ளலாம் என்றால் திருவிழாக் கூட்டத்தில் டவர் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு போனும் ஃபிளைட் மோடில். இல்லையென்றால் மாமியார் போன் செய்யும்போது ஊரே ரிங்டோன் கேட்கும். பல புதுப் போன்களில் ஹெட்போன் துளை கிடையாது. டைப்-சி இணைப்பான் சின்னது, தொலையும், ஆகவே இரண்டு. பாடல் வரிகளை டேப்லெட்டில் வைத்திருப்பவர்கள் ஒரு காகிதப் பிரதியும் வைத்திருங்கள். சித்திரை வெயிலில் மேடையில் கிடந்த டேப்லெட் சூடேறித் தானாக அணைந்துகொள்ளும்.

இதெல்லாம் மைக்செட்காரர் கொண்டுவர மாட்டாரா?

கொண்டுவருபவர்கள் உண்டு. கொண்டுவராதவர்களும் உண்டு. முன்பணம் வாங்கிய வாரமே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்: "அண்ணே, டிஐ பாக்ஸ் எத்தனை வெச்சிருக்கீங்க? மேடை மானிட்டர் ஸ்பீக்கர் எத்தனை? மிக்ஸர் டிஜிட்டலா, பழசா?" டிஜிட்டல் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: "டேப்லெட்ல ஓட்டுறீங்களா? வைஃபை போயிட்டா பெட்டியிலயே தொட்டு ஓட்ட பட்டன் இருக்கா?" டேப்லெட் மட்டுமே நம்பிய மிக்ஸரில் வைஃபை போனால், சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், யாராலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

என் கணக்கு எளிமையானது. பாடகர் கையிலிருந்தும் வாத்தியத்திலிருந்தும் மிக்ஸரின் வாசல் வரை குழுவின் பொறுப்பு. மிக்ஸரிலிருந்து ஸ்பீக்கர் வரை அவர் பொறுப்பு. ஆனாலும் நாலு சேனல் உள்ள சின்ன மிக்ஸர் ஒன்றை வைத்திருக்கும் குழுவை எந்த மைக்செட்காரரும் மரியாதையாகத்தான் பார்ப்பார்.

ஸ்பேர் சாமானை எங்கே வைப்பது?

வேனில் இல்லை. வேனை டிரைவர் தெருமுனையில் நிறுத்தியிருப்பார், தேர் வந்ததும் அங்கிருந்து இன்னும் தள்ளி நிறுத்தியிருப்பார், சாவியோடு சாப்பிடப் போயிருப்பார். ஸ்பேர் பை மேடையில், கீபோர்டுக்குப் பின்னால், ஜிப் திறந்தபடி இருக்க வேண்டும். உள்ளே ஒரு டார்ச்.

இந்த விஷயத்தில் நாதஸ்வரக்காரர்கள் நமக்கு மூத்தவர்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளி நாணலில் செய்வது. எச்சில் பட்டு, காய்ந்து, வாசிக்க வாசிக்கக் குணம் மாறும். எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்ல முடியாது. அதனால் மாற்றுச் சீவாளிகளை நூலில் கோத்து நாதஸ்வரத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள், சீவாளியைச் சரிசெய்யும் ஊசியும் அதோடு தொங்கும். தவில் தனியாக ஓடும் நேரத்தில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருகி, வாயில் வைத்து ஈரப்படுத்தி, திரும்ப ஆரம்பித்துவிடுவார். சபையில் யாருக்கும் எதுவும் நடந்ததாகத் தெரியாது.

பையில் என்ன இருக்கிறது என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவரே கீபோர்டில் இரண்டு கையும் மாட்டியிருப்பார். அந்தப் பாட்டில் வேலையில்லாத பாடகர்தான் ஓடி எடுக்க வேண்டியவர், அவருக்குக் காட்டி வையுங்கள்.

மேடையில் ஒன்று நின்றுவிட்டது. எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் மிக்ஸரில் அந்தச் சேனலை மியூட் செய்யச் சொல்லுங்கள். மியூட் செய்யாமல் ஜாக்கைப் பிடுங்கினால் வரும் 'டொப்' சத்தத்தில் குழந்தைகள் அழும், ஸ்பீக்கரும் போகலாம். அப்புறம் கருவியில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் அடாப்டர் அல்லது ஜங்ஷன் பாக்ஸ். எரிகிறது என்றால் வயரை மாற்றுங்கள், பழையதை ஆட்டி ஆட்டிப் பார்க்காதீர்கள். வயர் மாற்றியும் வரவில்லை என்றால் மிக்ஸரில் வேறு சேனல். அதிலும் இல்லையென்றால்தான் கருவியைச் சந்தேகப்பட வேண்டும், உடனே மாற்றுக் கருவிக்குப் போய்விடுங்கள். கருவியை மேடையில் பிரித்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம்.

இதற்குள் மேடை சும்மா இருக்கக் கூடாது. பட்டியலில் எப்போதும் இரண்டு பாட்டுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள்: குரல், தபலா, ஒரு கிட்டார் இருந்தால் ஓடிவிடக்கூடியவை. நடுவில் எது நின்றாலும் உடனே அதற்குத் தாவலாம். தொகுப்பாளர் நன்றாகப் பேசுபவர் என்றால் நாலு நிமிடம் அவர் கையில். மைக்கில் "ஹலோ, செக், செக்" மட்டும் வேண்டவே வேண்டாம்.

பத்து நிமிடம் தாமதமானால் என்ன, பின்னால் கூடுதலாக வாசித்துக்கொள்ளலாமே?

முடியாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. பண்டிகை நாட்களுக்கென்று மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் வருடத்தில் 15 நாட்களுக்கு மேல் இல்லை. உங்கள் கச்சேரி அந்த நாட்களில் ஒன்று என்று எழுத்தில் கையில் இல்லாவிட்டால் பத்து மணிக்குக் காவல்துறை வந்து நிற்கும். ஏழரைக்குத் தொடங்க வேண்டியது நாட்டாண்மை பேச்சு, பொன்னாடை எல்லாம் முடிந்து எட்டரைக்குத்தான் தொடங்கும். மிச்சம் ஒன்றரை மணி நேரம்தான். அதில் பத்து நிமிடம் என்பது இரண்டு பாட்டு, அந்த இரண்டும் விழாக் கமிட்டி கேட்ட பாட்டுகளாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டுக் கச்சேரிக்கு என்ன வித்தியாசம்?

இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் நம்மைப் போல 230 வோல்ட்தான். பிளக்தான் மாறும். சிங்கப்பூர், மலேசியாவில் சதுரக் கால் மூன்று பின். கனடாவில் 120 வோல்ட், அங்கே அடாப்டரில் '100-240' என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே சொருகலாம். தனி லித்தியம் பேட்டரிகளையும் பவர் பேங்கையும் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான். கீபோர்டு மாதிரிப் பெரிய சாமானை அங்கேயே வாடகைக்குக் கேளுங்கள், மாடலைச் சொல்லி எழுத்தில் உறுதி வாங்குங்கள், பென்டிரைவை மட்டும் கொண்டுபோங்கள்.

கையில் காசு குறைவு. எதில் தொடங்குவது?

வயர், பேட்டரி, கீபோர்டு அடாப்டர், கிட்டார் முதல் கம்பி, டேப், டார்ச், மல்டிமீட்டர். இவ்வளவும் ஒரு கச்சேரிச் சம்பளத்தில் ஒருவர் பங்குக்குள் அடங்கிவிடும். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் ஒரே நடையில் பாதிக்கு மேல் கிடைக்கும். அடுத்து ஒரு வயர் மைக், ஒரு டிஐ பாக்ஸ். அதற்கடுத்து யுபிஎஸ். மாற்றுக் கருவிகள் கடைசி. அதுவரை ஊரில் இருக்கும் இன்னொரு குழுவோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குக் கச்சேரி இல்லாத நாளில் அவர்கள் கீபோர்டு உங்கள் ஸ்பேர், உங்களுக்கு இல்லாத நாளில் உங்களுடையது அவர்களுக்கு. முகூர்த்த நாட்களில் இந்த ஏற்பாடு செல்லாது, ஊரில் எல்லாக் குழுவுக்கும் அன்றைக்குக் கச்சேரி இருக்கும்.

ஸ்பேர் பையை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

தேதி வைத்துப் பார்ப்பதெல்லாம் நடக்காது. சவுண்டு செக்கை ஸ்பேர் வயரிலும் ஸ்பேர் மைக்கிலும் செய்துவிட்டு, கச்சேரிக்கு அசலை மாட்டுங்கள். அப்படிச் செய்தால் பை தானாகவே சோதிக்கப்படும். தொடாமல் கிடந்தால் பேட்டரி கசிந்து பையெல்லாம் வெள்ளைப் பொடியாகும், கடலோர ஊர்களில் உறை பிரித்த கம்பி துருப்பிடிக்கும், மாற்று கீபோர்டின் கட்டைகளுக்கு நடுவே எறும்பு குடியேறும். கச்சேரி முடிந்து ஒரு ஸ்பேர் பயன்பட்டிருந்தால், வீட்டுக்குப் போகும் வேனிலேயே குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்: 'பி-38 ஒன்று காலி, வாங்க வேண்டும்.' யார் வாங்குவது என்ற பெயரையும் சேர்த்து.